செல்வர் மீது வரி விதிப்பது நீதியா?

பொருள் படைத்தவரிடம் கூடுதலாகப் பெற்றுப் பொதுநலனுக்குச் செலவிடுவது நீதியா, அன்றி உழைத்து ஈட்டியவரின் உரிமையில் கைவைக்கும் அநீதியா என்னும் வினா, அரசும் கருவூலமும் தோன்றிய நாள்தொட்டு எழுப்பப்பட்டு வருவதாகும். பொருளியலாளர்கள் இதனை முதலீடு, வளர்ச்சி, வருவாய் என்னும் அளவுகோல்களால் அளக்கின்றனர். அரசியலார் வாக்குகளை எண்ணி விடை கூறுகின்றனர். இஸ்லாமியச் சட்டக்கலையோ உரிமை, கடமை என்னும் இரு சொற்களைக் கொண்டு இதனை ஆராய்கிறது. உரிமை யாருடையது, கடமை யார் மீது, எந்த நிபந்தனைகளின் பேரில் என்பனவே அது கேட்கும் கேள்விகள்.

நம் சமுதாயத்தில் இவ்வினாவுக்கு மூன்று விதமான விடைகள் வழங்கி வருகின்றன. ஆண்டுதோறும் ஜகாத் கொடுக்கும் எங்களிடம் அரசு வரியும் கேட்பது இரட்டைச் சுமை என்பார் ஒரு சாரார். அரசு வாங்கும் வரி ஹதீஸில் கண்டிக்கப்பட்ட ‘மக்ஸ்’ ஆகும். எனவே வருமானத்தை மறைப்பதில் பாவமில்லை என்பார் மற்றொரு சாரார். அரசுக்கு இவ்வளவு வரி செலுத்திவிட்டோம், அதுவே எங்கள் ஜகாத் என்று அமைதி கொள்வார் மூன்றாம் சாரார். இம்மூன்று கருத்துகளையும் மார்க்க ஆதாரங்களோடும் நம் நாட்டின் வரி வரலாற்றோடும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செல்வத்தில் கலந்திருக்கும் உரிமை

தனிமனிதனின் சொத்துரிமையை இஸ்லாம் உறுதியாகப் பாதுகாக்கிறது. இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உயிர், மானம் ஆகியவற்றோடு பொருளையும் புனிதமானதாக அறிவித்தார்கள். உரியவரின் மனஒப்புதலின்றி அவரது பொருள் பிறருக்கு ஆகுமானதன்று என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதி. ஆகவே, “பணக்காரன்தானே, அவனிடம் எடுத்தால் என்ன?” என்னும் எண்ணத்துக்கு ஷரீஅத்தில் இடமில்லை.

அதே வேளையில், செல்வம் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதைத் திருமறையின் 57ஆம் அத்தியாயம் ஏழாம் வசனம் நினைவூட்டுகிறது. செல்வரின் பொருளில் கேட்போருக்கும் கேட்க இயலாது நிற்போருக்கும் அறியப்பட்ட பங்கு உண்டு என்பதை 70ஆம் அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. இங்கே ஆளப்பட்டுள்ள சொல் ‘ஹக்’ என்பதாகும். அதாவது உரிமை. ஏழைக்குச் சேர வேண்டியது செல்வரின் இரக்கத்தால் விளையும் சலுகையன்று. அது அவருடைய பெட்டியில் இருக்கும் இன்னொருவரின் பொருள். எனவேதான் முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஜகாத் தர மறுத்தோர் மீது படை நடத்தினார்கள்.

பனூ நளீர் கூட்டத்தார் விட்டுச் சென்ற சொத்துகளைப் பங்கிடுவது குறித்து இறங்கிய 59ஆம் அத்தியாயம் ஏழாம் வசனம், செல்வம் செல்வர்களுக்கு இடையிலேயே சுற்றிவரக் கூடாது என்பதைக் காரணமாகக் காட்டுகிறது. அச்சொத்துகளை நபி (ஸல்) அவர்கள் பெரும்பாலும் நாடு துறந்து வந்த முஹாஜிர்களுக்கும், வறுமையிலிருந்த அன்ஸாரிகள் சிலருக்கும் வழங்கினார்கள். பொருள் ஓரிடத்தில் தேங்குவதைத் தடுப்பது ஆட்சியின் கடமைகளுள் ஒன்று என்பதற்கு நம் அறிஞர்கள் இவ்வசனத்தையே முதன்மைச் சான்றாகக் கொள்வர்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை எமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் வழங்கிய அறிவுரை புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அவ்வூர்ச் செல்வர்களிடம் பெற்று அவ்வூர் ஏழைகளுக்கே திருப்ப வேண்டும். வாங்கும்போது அவர்களது பொருள்களில் மிகச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கூடாது. அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கு அஞ்ச வேண்டும் என்பன அதன் கருத்துகள். ஏழையின் உரிமை வலியுறுத்தப்பட்ட அதே பேச்சில், செல்வருக்கு அநீதி நேர்ந்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கையும் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. அநீதி இழைக்கப்பட்டவன் என்னும் சொல் இவ்விடத்தில் செல்வனையும் உள்ளடக்கும்.

விகிதங்களில் பொதிந்துள்ள நீதி

ஜகாத்தின் விகிதங்களை நம்மில் பலர் மனனம் செய்திருப்பர். அவற்றினூடே ஓடும் ஒழுங்கைக் கவனித்தவர் சிலரே. புதையலில் 20 சதவீதம். மழையாலோ ஆற்றுப் பாய்ச்சலாலோ விளைந்த பயிரில் 10 சதவீதம். நீர் இறைத்துப் பாய்ச்சிய பயிரில் 5 சதவீதம். வணிகப் பொருள், பொன், வெள்ளி, ரொக்கம் ஆகியவற்றில் இரண்டரை சதவீதம். இவ்வரிசையின் காரணத்தை இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலில் விளக்கியுள்ளார்கள். உடைமையாளரின் உழைப்பும் செலவும் கூடக்கூட அவர் தர வேண்டிய பங்கு குறைகிறது. அவை குறையக்குறையப் பங்கு கூடுகிறது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு காணலாம். வீராணம் ஏரியின் வாய்க்கால் நீர் தானே வந்து பாயும் வயலின் நெல்லுக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டி மோட்டார் வைத்து இறைத்த வயலின் நெல்லுக்கும் ஒரே கடமை இல்லை. முன்னவர் பத்தில் ஒன்று தருகிறார்; பின்னவர் இருபதில் ஒன்று தருகிறார். விளைச்சல் சமமாக இருப்பினும் உழைப்பும் செலவும் சமமாக இல்லை.

இத்துடன் வேறு மூன்று பாதுகாப்புகளையும் ஷரீஅத் அமைத்துள்ளது. நிஸாப் என்னும் எல்லைக்குக் கீழே உள்ளவர் மீது கடமையே இல்லை. அவ்வெல்லை பொன்னில் இருபது மிஸ்கால். இன்றைய அளவில் சுமார் 85 முதல் 87 கிராம். பொன், வெள்ளி, ரொக்கம், வணிகப் பொருள் ஆகியவற்றுக்கு ஓராண்டு நிறைவு தேவை. குடியிருக்கும் வீடு, ஊர்தி, தொழிற்கருவி, வீட்டுப் பொருள்கள் ஆகியவை கணக்கில் சேரா. வாழ்வதற்கு வேண்டியதை விட்டுவிட்டு, வளரும் பொருளிலும் வளரும் தன்மையுள்ள பொருளிலும் மட்டுமே கடமை வைக்கப்பட்டுள்ளது. ஃபிக்ஹு நூல்கள் இதனை ‘நமா’ என்று குறிப்பிடும்.

ஜகாத் வேறு, வரி வேறு என்பதை நாம் மறக்கவில்லை. ஜகாத் ஓர் இபாதத். அதற்கு நிய்யத் வேண்டும். அதனைப் பெறத்தக்க எட்டு வகையினரைத் திருமறையே (9:60) வரையறுத்துவிட்டது. எனினும், மனிதர்களிடம் பொருள் வாங்குவதில் நீதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அறிய, இறைவன் வகுத்த ஏற்பாட்டைவிடச் சிறந்த அளவுகோல் நமக்கு வேறு எது?

ஜகாத்துக்கு அப்பால் கடமை உண்டா?

பொருளில் ஜகாத் நீங்கலாகவும் உரிமை உண்டு என்னும் கருத்தில் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் வழியாக ஒரு ஹதீஸ் திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவானதன்று என்று இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே குறிப்பிட்டுள்ளார்கள். ஆயினும் கருத்தளவில் இதற்குத் திருமறையின் துணை உண்டு. 2:177ஆம் வசனம் உறவினர், அநாதைகள், வறியோர், வழிப்போக்கர் ஆகியோருக்குப் பொருள் வழங்குவதை முதலில் கூறிவிட்டு, ஜகாத்தைப் பின்னர்த் தனியாகக் கூறுகிறது. இரண்டும் ஒன்றேயாயின் தனித்தனியே கூற வேண்டியதில்லை என்பது விரிவுரையாளர் பலரின் வாதம்.

அந்தலூசியாவின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (இறப்பு ஹிஜ்ரி 456) இதில் மிகத் தெளிவான நிலைப்பாடு கொண்டவர். ஒவ்வோர் ஊரிலும் உள்ள செல்வர்கள் அவ்வூர் ஏழைகளைப் பேணக் கடமைப்பட்டவர்கள்; ஜகாத் போதாதபோது ஆட்சியாளர் செல்வர்களை அதற்கு நிர்ப்பந்திக்கலாம்; உணவு, கோடைக்கும் குளிருக்கும் உடை, மழையும் வெயிலும் அணுகாத உறைவிடம் ஆகியன அந்தக் கடமையின் அளவு என்று அவர் ‘அல் முஹல்லா’வில் எழுதியுள்ளார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹிஜ்ரி 505) ‘அல் முஸ்தஸ்ஃபா’வில் இவ்விஷயத்தைப் பொதுநலன் என்னும் தலைப்பின்கீழ் ஆராய்கிறார்கள். கருவூலம் வறண்டு, நாட்டைக் காக்கும் படைக்குப் பொருள் இல்லாத நிலையில், செல்வர் மீது தேவைக்கேற்ற அளவு வரி விதிப்பது ஆகும் என்பது அவர்களது முடிவு. இரு தீங்குகள் எதிர்ப்படும்போது பெரியதைத் தவிர்க்கச் சிறியதை ஏற்பது ஷரீஅத்தின் நோக்கம் என்பதே அதற்குக் காரணம். கிரானடாவின் இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்களும் (இறப்பு ஹிஜ்ரி 790) ‘அல் இஃதிஸாம்’ நூலில் இதே கருத்தை நிறுவியுள்ளார்கள்.

அப்படியாயின் ‘மக்ஸ்’ வாங்குபவன் சுவனம் புகான் என்னும் கருத்தில் அபூதாவூதில் வரும் ஹதீஸின் பொருள் என்ன? அறியாமைக் காலத்தில் சந்தைகளிலும் வழிகளிலும் நின்றுகொண்டு, எவ்வித உரிமையுமின்றி வணிகரிடம் பறித்து வந்த சுங்கத்தையே அச்சொல் குறிக்கும் என்று அறிஞர்கள் விளக்குவர். பொதுநலனுக்காக, தாங்கக்கூடியவரிடம், தேவையின் அளவுக்கு, சட்டப்படி பெறும் வரியையும் வழிப்பறியையும் ஒரே தராசில் நிறுத்துவது ஆய்வு ஆகாது.

இரு இமாம்களும் இரு சுல்தான்களும்

வரி ஆகும் என்று கூறிய அறிஞர்கள், அதனை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. மங்கோலியர் பக்தாதை அழித்துவிட்டுச் சிரியாவை நோக்கி வந்துகொண்டிருந்த 1259ஆம் ஆண்டில், எகிப்தின் குத்ஸ் மக்களிடம் போர்வரி வாங்குவது பற்றி அறிஞர் அவையில் கருத்துக் கேட்டார். இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் ஒப்புதல் அளித்தார்கள்; ஆனால் நிபந்தனையுடன். கருவூலத்தில் ஏதும் எஞ்சியிருக்கக் கூடாது; தளபதிகள் தம் பொன்கச்சைகளையும் அணிகளையும் முதலில் விற்க வேண்டும்; ஒவ்வொரு வீரனும் தன் குதிரையும் ஆயுதமும் மட்டுமே உடையவனாகி எளிய மக்களோடு சமமாக நிற்க வேண்டும். அதன் பின்னரே மக்களிடம் கேட்கலாம். அடுத்த ஆண்டு ஐனு ஜாலூத் போரில் மங்கோலியர் தோற்றனர்.

சில ஆண்டுகளுக்குப் பின் டமாஸ்கஸில் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ் இதே காரணத்துக்காக ஃபத்வா கோரினார். அறிஞர்கள் பலர் கையொப்பமிட்டனர். நம் மத்ரஸாக்களில் ‘மின்ஹாஜ்’ நூலாலும் இல்லந்தோறும் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலாலும் நினைவுகூரப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்ட சுல்தானிடம், அடிமையாக இருந்து அரியணை ஏறிய அவருடைய அரண்மனையில் பொன்கச்சை அணிந்த ஆயிரம் சேவகரும், அணிகலன் பூண்ட இருநூறு பணிப்பெண்களும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அவற்றையெல்லாம் செலவிட்ட பிறகும் தேவை எஞ்சினால் ஒப்புதல் தருவதாகக் கூறினார்கள். சினமுற்ற சுல்தானின் ஆணையால் டமாஸ்கஸை விட்டுத் தம் சொந்த ஊரான நவாவுக்கு அவர்கள் சென்றதை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து பெறப்படும் நிபந்தனைகள் நான்கு. முதலாவது, தேவை மெய்யானதாக இருத்தல். இரண்டாவது, வாங்குபவர் தம் ஆடம்பரத்தை முதலில் துறத்தல். மூன்றாவது, சுமை தாங்கும் வலிமைக்கேற்ப அமைதல். நான்காவது, பெற்ற பொருள் பெற்ற நோக்கத்துக்கே செலவாதல். மூன்றாவதற்கு ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் நடைமுறையே சான்றாகும். இராக்கின் நிலங்களுக்குக் கராஜ் நிர்ணயித்து வந்த ஹுதைஃபா (ரலி), உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) ஆகிய இருவரிடமும், நிலம் தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று அவர்கள் தம் வாழ்வின் இறுதி நாள்களிலும் கவலையோடு வினவினார்கள்.

இந்தியாவின் செல்வ வரி: எழுச்சியும் முடிவும்

இந்நிபந்தனைகளை உரைகல்லாகக் கொண்டு நம் நாட்டின் அனுபவத்தை நோக்குவோம். விடுதலைக்குப் பின் செல்வர் மீது நேரடியாக வரி விதிக்க இந்தியா எடுத்த முயற்சிகள் பல. 1953இல் இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரி வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, நிதியமைச்சராக இருந்த தமிழர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். 1958இல் நன்கொடை வரி சேர்ந்தது.

வருமான வரியின் உச்ச விகிதம் 1973-74ஆம் ஆண்டில் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதத்தை எட்டியது. இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஈட்டியவருக்கு எஞ்சியது இரண்டே கால் ரூபாய். செல்வ வரியும் சேரும்போது மொத்த வரி சிலருக்கு அவ்வாண்டின் வருவாயையே விஞ்சக்கூடிய நிலை இருந்தது. விளைவு என்ன? முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலான குழு 1971இலேயே, வரி ஏய்ப்புக்கும் கறுப்புப் பணத்துக்கும் முதற்காரணம் மிகையான வரி விகிதமே என்று சுட்டிக்காட்டியிருந்தது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில் எழுதியதும் இதுவே. ஆட்சியின் தொடக்கத்தில் சிறு வரிகள் பெரும் வருவாயையும், அதன் முடிவில் பெரும் வரிகள் சிறு வருவாயையும் தருகின்றன என்பது அவருடைய ஆய்வு முடிவு.

பின்னர் விகிதங்கள் படிப்படியாகக் குறைந்தன. இறந்தவர் சொத்தின் மீதான வரி 1985இலும், நன்கொடை வரி 1998இலும் நீக்கப்பட்டன. 1997இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் வருமான வரியின் உச்ச விகிதத்தை 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக்கினார். செல்வ வரியோ, பொருளியல் அறிஞர் ராஜா ஜே. செல்லையா தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1993 முதல் ‘ஆக்கத்துக்குப் பயன்படாத’ சொத்துகளுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. கூடுதல் வீடு, நகை, மோட்டார் வாகனம், நகர்ப்புறக் காலிமனை போன்றவற்றுக்கு வரி உண்டு. பங்குகள், வங்கி வைப்புகள் ஆகியவற்றுக்கு இல்லை. பிற்காலத்தில் 30 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புக்கு ஒரு சதவீதம் என்பதே விகிதம். அது ஜகாத் விகிதத்தில் பாதிகூட இல்லை. 2013-14ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் திரண்ட தொகை 1,008 கோடி ரூபாய் மட்டுமே. வசூலிக்கும் செலவு மிகுதி, பலன் குறைவு என்று கூறி 2015ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதனை நீக்கினார். ஈடாக, ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளோர் மீது 2 சதவீதக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது.

இவ்வரலாற்றை ஜகாத்தின் அமைப்போடு ஒப்பிடுவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஜகாத் வளரும் பொருளின் மீது விழுகிறது. வீட்டையும் ஊர்தியையும் விட்டுவிடுகிறது. 1993க்குப் பிந்திய செல்வ வரியோ வளரும் பொருளை விட்டுவிட்டு வீட்டையும் ஊர்தியையும் பிடித்தது. இரண்டும் சந்தித்த முக்கிய இடம் பொன். அதிலும் பெண்கள் அணியும் வழக்கமான நகையில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. விலக்கு மலிந்த வரி, செல்வரைத் தொடாமல் செல்வத்தின் நிழலை மட்டும் தொட்டது. எனவே செல்வ வரி தோற்றது என்பதிலிருந்து செல்வர் மீது வரி விதிப்பதே தவறு என்னும் முடிவு பெறப்படாது. கைப்பொருள் அனைத்தையும் பறிக்கும் விகிதமும் தவறு. தொட வேண்டியதைத் தொடாத விகிதமும் தவறு.

இன்றைய தலைகீழ் வரிசை

இன்று உச்ச வரம்பில் உள்ள ஊதியத்துக்கு அடிப்படை விகிதம் 30 சதவீதம். 2023 முதல் புதிய முறையில் கூடுதல் வரிகளெல்லாம் சேர்ந்து மிகப்பெரும் வருமானத்துக்கு ஏறத்தாழ 39 சதவீதம் வரை செல்லும். ஆனால் பங்குச் சந்தையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கின் இலாபத்துக்கு 2004 முதல் 2018 வரை வரியே இல்லை. 2018இல் 10 சதவீதம் வந்தது. 2024 ஜூலை முதல் 12.5 சதவீதம். நிறுவனங்களின் மீதான அடிப்படை வரி, சலுகைகளைக் கைவிடுவோருக்கு, 2019 செப்டம்பரில் 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நிறுவனம் ஏற்கெனவே வரி செலுத்திவிட்டது, முதலீட்டாளர் நட்ட அபாயத்தையும் ஏற்கிறார் என்று இதற்குக் காரணம் கூறுவர். அதில் உண்மை உண்டு. எனினும் மருத்துவரின் உழைப்புக்கு 30, காத்திருந்த பணத்துக்கு 12.5 என்பது, உழைப்புக் கூடினால் கடமை குறைய வேண்டும் என்னும் ஜகாத்தின் ஒழுங்குக்கு நேர் எதிரானது.

ஏழைகள் வரியே செலுத்துவதில்லை என்னும் கூற்றும் பிழையாகும். 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியை, கடையில் சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் ஆலை அதிபரும் ஒரே விகிதத்தில் செலுத்துகின்றனர். கூலி முழுவதையும் செலவிட்டே தீர வேண்டியவரின் வருவாயில் அது பெரும்பங்கு. சேமிக்க வல்லவரின் வருவாயில் சிறுபங்கு. 2025 செப்டம்பரில் சோப்பு, பற்பசை முதலிய அன்றாடப் பொருள்களின் விகிதம் 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. நிஸாப் என்னும் கருத்து இங்குத்தான் பொருந்துகிறது. இல்லாதவனின் உணவிலும் உடையிலும் கைவைக்காதிருப்பது வரிநீதியின் முதற்படி.

குடிகாடு உணர்த்தும் பாடம்

“என் செல்வம் என் உழைப்பு, அதில் அரசுக்கு என்ன பங்கு?” என்பது செல்வரின் முதல் மறுப்பு. இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் சாலையை ஒட்டி, உப்பனாற்றின் கரையில் அமைந்த குடிகாடு கிராமத்துக்குச் சென்றால் போதும். 1980களில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தது. வேதிப்பொருள், மருந்து, சாயம் முதலிய ஆலைகள் வந்தன. நிலத்தைத் திரட்டித் தந்தது அரசு. சாலையும் மின்சாரமும் பொதுப்பணத்தில் வந்தவை. தொழிலாளியை எழுத்தறிவித்து அனுப்பியது அரசுப் பள்ளி. நிலத்தடி நீர் அனைவருக்கும் பொதுவான இறைக்கொடை. முதலிட்டவரின் துணிவையும் அறிவையும் நாம் குறைத்துப் பேசவில்லை. அவற்றுக்குரிய இலாபம் அவர்களுக்கு உரியதே. ஆனால் அந்த இலாபம் தனியொருவரின் வியர்வையால் மட்டும் விளைந்ததன்று.

இன்னொரு பக்கமும் உண்டு. காற்றிலும் நீரிலும் கலக்கும் கழிவைப் பற்றி இச்சிற்றூர் மக்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். 2025 மே மாதம் இங்குள்ள சாயத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, கழிவுநீர் குடியிருப்புக்குள் பாய்ந்தது. வீடுகள் சேதமுற்றன, பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இலாபம் ஒரு கணக்கில் வரவாக, இழப்பு மற்றொருவரின் வீட்டுக்குள் நுழைந்தது.

‘அல் கராஜு பிள் ளமான்’ என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வரும் நபிமொழி. ஒரு பொருளின் ஆதாயம், அதன் இழப்புக்குப் பொறுப்பேற்பவருக்கே உரியது என்பது அதன் கருத்து. ஆதாயம் பெறுபவரே சுமையையும் ஏற்க வேண்டும் என்னும் சட்டவிதியை உதுமானியரின் ‘மஜல்லா’வும் தன் தொடக்க விதிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. இவ்விதியின்படி, குடிகாட்டின் ஆலைகளால் ஆதாயம் பெறுபவர், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு வழங்குவதோடு, அப்பகுதியின் மருத்துவமனையும் குடிநீரும் சாலையும் இயங்கத் தேவையான வரியையும் செலுத்துவது தண்டனையன்று. அது கணக்கு நேர்செய்தல். ஈட்டுத்தொகை வேறு, வரி வேறு. ஒன்றைத் தந்தவர் மற்றதிலிருந்து விடுபட மாட்டார்.

பிற மறுப்புகள்

ஜகாத் தருபவரிடம் வரி ஏன் என்பது இரண்டாவது மறுப்பு. ஜகாத்தைக் கொண்டு சாலை அமைக்கவோ, துறைமுகம் கட்டவோ, பொது நிர்வாகத்தின் ஊதியம் தரவோ பெரும்பான்மை அறிஞர்களின் கருத்துப்படி இயலாது. அதன் எட்டு வகையினர் வரையறுக்கப்பட்டவர்கள். அச்சாலையில் நாமும் பயணம் செய்கிறோம். எனவே அதற்குரிய பங்கை வேறாகத் தர வேண்டும். வரியாகச் செலுத்திவிட்ட தொகை ஆண்டிறுதியில் கையிருப்பில் இல்லாமையால் ஜகாத் கணக்கில் வாராது. ஆனால் வரியே ஜகாத் ஆகிவிடாது. மலேசியாவில் முஸ்லிம் தனிநபர் செலுத்தும் ஜகாத் அவரது வருமான வரியிலிருந்து கழிக்கப்படுகிறது. அது அந்நாட்டுச் சட்டம் செய்துள்ள இணக்கம். நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லாத வரையில் இரண்டும் தனித்தனிக் கடமைகளே.

வரி கூடினால் மூலதனம் நாடு கடந்து ஓடிவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. இதனைப் புறக்கணிப்பதற்கில்லை. ஆகவேதான் உலக நாடுகள் சேர்ந்து செயற்பட வேண்டும் என்னும் குரல் எழுந்துள்ளது. 2024இல் பிரேசில் தலைமையேற்ற ஜி-20 அமைப்புக்காக, பிரெஞ்சுப் பொருளியலாளர் கேப்ரியல் ஜுக்மன், நூறு கோடி டாலருக்கு மேல் செல்வம் உள்ளோர் ஆண்டுதோறும் அதில் குறைந்தது 2 சதவீதமாவது வரியாகச் செலுத்த வேண்டும் என்று முன்மொழிந்தார். அவ்வாண்டு நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் கூடிய தலைவர்கள் பெருஞ்செல்வர் உரிய வரி செலுத்துவதை உறுதிசெய்யக் கூட்டாக முயல இசைந்தனர். விகிதம் எதையும் முடிவு செய்யவில்லை. செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்னும் அளவை நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளாகச் சிறு வணிகரிடமும் கேட்டு வருகிறது. உலகின் பெருஞ்செல்வரிடம் ஐம்பதில் ஒரு பங்கு கேட்பது மிகையென்று நமக்குத் தோன்றவில்லை.

அரசு வாங்குவதை வீணாக்குகிறது என்பது நான்காவது மறுப்பு. வீணாக்கம் உண்மையாயின் அதற்கு வழி, இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் காட்டிய வழியே. அவர்கள் ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே கணக்குக் கேட்டார்கள், விளைவையும் ஏற்றார்கள். இரண்டு கணக்குப் புத்தகங்கள் எழுதும் வித்தையை அவர்கள் யாருக்கும் கற்பிக்கவில்லை. ஒரு நாட்டில் குடிமகனாக வாழ ஒப்பியவர் அதன் சட்டப்படியான கடமைகளை நிறைவேற்றுவது, ஒப்பந்தங்களைப் பேணுமாறு பணிக்கும் 5:1ஆம் வசனத்தின் பொதுக்கட்டளையில் அடங்கும். பொய்க்கணக்கு எழுதுவது பொய்ச்சாட்சியின் இனத்தைச் சேர்ந்தது.

நம் மஹல்லாக்களில்

நீதியை அரசிடம் கேட்கும் நாம், நம் ஆளுகையில் உள்ள இடத்தில் அதனை நிலைநாட்டியிருக்கிறோமா என்பதும் கேட்கப்பட வேண்டும். நம் ஊர்கள் பலவற்றில் ஜமாஅத் நிர்வாகம் தலைக்கட்டு வரி வாங்குகிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வணிகம் செய்பவரின் வீட்டுக்கும், தள்ளுவண்டியில் பழம் விற்பவரின் வீட்டுக்கும் பெரும்பாலும் ஒரே தொகை. அதனைக் கட்டத் தவறியவர் திருமணப் பதிவுக்கோ மையத்துக் காரியத்துக்கோ வரும்போது நிலுவையைச் சொல்லி நிறுத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஜகாத் பெறத் தகுதியுள்ள ஒருவரிடம் வரி நிலுவை கேட்பது எந்த ஃபிக்ஹின் அடிப்படையில்? ஒரு கையால் அவருக்கு ஜகாத் தந்து, மறு கையால் வரியாகத் திரும்பப் பெறுவது முஆத் (ரலி) அவர்களுக்கு அளிக்கப்பட்ட அறிவுரையைத் தலைகீழாக்குவதாகும்.

நம் மாவட்டத்தின் நினைவில் இதற்கு மாற்றான முன்மாதிரியும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்குச் சமயம் பாராது உணவும் தங்குமிடமும் தந்தனர். அன்று எவரும் தலைக்கட்டு எண்ணவில்லை. இயன்றவர் இயன்றதைத் தந்தனர். இப்னு ஹஸ்ம் எழுதியதை நூலறியாத எளியவர்களும் அன்று செயலில் காட்டினர். பேரிடர் நாளில் இயல்பாக மலர்ந்த அந்த ஒழுங்கை மற்ற நாள்களிலும் விதியாக்குவது கடினமன்று. தலைக்கட்டு வரியை வசதிக்கேற்ப மூன்று நான்கு படிகளாகப் பிரிக்கலாம். ஜகாத் பெறுவோரை அதிலிருந்து முற்றிலும் விலக்கலாம். நிர்வாகிகள் தம் பங்கை முதலில் செலுத்தி, வரவு-செலவை ஆண்டுதோறும் ஜுமுஆவில் வாசிக்கலாம். இவற்றுக்கு அரசாணை ஏதும் வேண்டியதில்லை.

இதுகாறும் கண்டவற்றால், செல்வர் மீது வரி விதிப்பது நீதியே என்பதும், அந்த நீதி நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதும் தெளிவாகின்றன. செல்வர் என்பதற்காக ஒருவரைத் தண்டிப்பது வரியன்று. செல்வர் என்பதற்காக ஒருவரைத் தொடாது விடுவது ஆட்சியன்று. தேவை மெய்யாக இருக்க, வாங்குவோர் தம்மை முதலில் சுருக்கிக்கொள்ள, உழைப்பைக் காட்டிலும் உழைப்பின்றி வந்த ஆதாயம் கூடுதலாகத் தர, பெற்ற பொருள் குடிகாட்டின் குடிநீராகவும் மருந்தாகவும் திரும்பி வருமாயின், அவ்வரியைத் தருபவர் எதையும் இழப்பதில்லை. தம் பெட்டியில் இருந்த பிறர் பொருளை உரியவரிடம் சேர்க்கிறார். வல்ல அல்லாஹ் நம் பொருள்களைத் தூய்மையாக்கி, கொடுப்பதிலும் கேட்பதிலும் நீதி தவறாதவர்களாக நம்மை ஆக்கியருள்வானாக!